காளான் டாக்டரின் நேரலை

1. சொல்லக் கூடாத இரண்டு வார்த்தைகள்

‘காளாமிர்தம்’ நிகழ்ச்சியின் முதல் நாள், மேக்கப் முடிந்து நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், ஸ்பான்சர் ஞானவேல் எனக்கு இரண்டு வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தார். வாயைத் திறந்து சொல்லவே கூடாத வார்த்தைகள். ஒன்று ‘மருந்து’, இன்னொன்று ‘குணமாகும்’.

“நீங்க சொன்னா கேஸு மேடம். போன் பண்றவங்க சொன்னா அனுபவம்” என்றார்.

விழுப்புரத்தில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் நான் நெடுநாளாகத் தொகுப்பாளினி. பிறந்தநாள் வாழ்த்து வாசித்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி வாசித்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே நகைக்கடையின் ஆடித் தள்ளுபடியை அதே புடவையில் வாசித்திருக்கிறேன். ஆனால் இன்னின்ன வார்த்தையைத் தவிர்த்து ஒரு மணி நேரம் பேசு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டே வாரத்தில் பழகிவிட்டது. ‘மருந்து’ என்று வர வேண்டிய இடத்தில் ‘சத்து’, ‘குணமாகும்’ என்று வர வேண்டிய இடத்தில் ஒரு புன்சிரிப்பு. அவ்வளவுதான்.

ஞானவேல் திண்டிவனத்துக்காரர். கேன் தண்ணீரில் ஆரம்பித்து, கற்றாழை ஜூஸ், நோனி ஜூஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தவர். கொரோனா சமயத்தில் ஊரே ‘இம்யூனிட்டி’ என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டபோது, அவர் கண் காளான்மேல் விழுந்தது. ரெய்ஷி என்ற காளானின் பவுடரை வாங்கி, டப்பாவிலும் கேப்சூலிலும் அடைத்து விற்றார். எங்கள் நிகழ்ச்சியில் அந்தக் காளான் இமயமலைச் சாரலில் முனிவர்கள் பறித்தது. திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் இருந்த அவருடைய கொட்டகைக்கு ஒருமுறை ஷூட்டிங்குக்காகப் போனேன். பவுடர் நீல டிரம்மில் வந்து இறங்கியிருந்தது. டிரம்மின்மேல் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள். முனிவர்கள் என்ன பாஷையில் எழுதுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

டப்பாவின் அடிப்பக்கத்தில், எறும்புக்குக் கண் சரியாக இருந்தால் படிக்கக்கூடிய அளவில், ‘உணவுத் துணைப்பொருள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருந்தது. நிகழ்ச்சியின் கடைசியில் அதை நான் வாசிக்க வேண்டும். ஒரே மூச்சில், ஒரு வார்த்தை இன்னொரு வார்த்தையின்மேல் ஏறும்படி வாசிப்பேன். அந்த வேகத்தை ஞானவேல் பல பேரிடம் புகழ்ந்திருக்கிறார்.

2. டாக்டர்

நிகழ்ச்சிக்கு ஒரு டாக்டர் வேண்டும். எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் இரண்டு பேரை ஞானவேல் போய்ப் பார்த்தார். ஒருவர் டப்பாவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படித்தார். இன்னொருவர் அவருக்கு பி.பி. பார்த்து அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் அருள்தாஸ் சாரைக் கண்டுபிடித்தார்.

அருள்தாஸ் சார் ரிட்டையர் ஆன தாவரவியல் பேராசிரியர். மல்லாட்டைச் செடியில், அதாவது நிலக்கடலையில், வரும் டிக்கா என்ற இலைப்புள்ளி நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்து பி.எச்.டி. வாங்கியவர். அவர் மறுத்தபோது ஞானவேல் பேசியதை அவரே பின்னால் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

“அந்த டிக்கா நோயி எதனால சார் வருது?”

“பூஞ்சையால.”

“காளான் இன்னா சார்?”

“அதுவும் பூஞ்சை இனம்தான்.”

“அப்ப நீங்கதான சார் அதுக்கு டாக்டரு.”

இதற்கு மறுப்புச் சொல்ல அவரிடம் தாவரவியலில் எதுவும் இருக்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கும் முதலில் தயங்கினார். “லேப் கோட்டுதான சார், காலேஜ்ல போட்டதுதான” என்று ஞானவேல் அதையும் மாட்டிவிட்டார்.

அவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்று நான் ஒருமுறை கேட்டேன். கல்லூரியில் கடைசி வருஷங்களில் வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் செல்போனைப் பார்ப்பார்கள் என்றார். ரிட்டையர் ஆன பிறகு அதற்கும் ஆள் இல்லை. கேமரா தூங்குவதில்லை, குறுக்கே பேசுவதில்லை. காளான்களைப் பற்றி ஊருக்குச் சொல்ல ஒரு இடம் கிடைக்கிறதே என்றுதான் வந்தாராம். முதல் இரண்டு வாரம் வித்து, இழை, பீட்டா குளுக்கன் என்று அழகாகப் பாடம் நடத்தினார். எனக்கே பிடித்திருந்தது. மூன்றாவது வாரம் ஞானவேல் வந்து, பாடம் வேண்டாம், போனை எடுங்கள் போதும் என்று சொல்லிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் கடைசிவரை ‘உதவக்கூடும்’ என்றுதான் பேசினார். ‘ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன’ என்பார். ‘டாக்டர் கொடுத்த மாத்திரையோடு சேர்த்து’ என்பார். அவர் இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போது, அவர் நெஞ்சுக்குக் கீழே திரையில், சிவப்பு எழுத்தில், ‘சர்க்கரையா? கவலையை விடுங்கள்!’ என்று ஓடிக்கொண்டிருக்கும். அது அவருக்குத் தெரியாது. செட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு டி.வி.யில் என்ன ஓடுகிறது என்று தெரியாது.

3. ஊர் ஊராக சேகர்

நேரலை என்றால் நேயர்கள் போன் பண்ண வேண்டும். திரையில் ஒரு நம்பர் ஓடும். அந்த நம்பர் ஸ்டுடியோவுக்கு வராது. திண்டிவனத்தில் ஆர்டர் எடுக்கும் பெண்களிடம் போகும். ஸ்டுடியோவுக்கு வரும் போன் எல்லாம் பின்னறையிலிருந்து சேகர் பேசுவது.

சேகர் ஜவுளிக்கடை, ஓட்டு, மருத்துவ முகாம் என்று எல்லாவற்றுக்கும் ஆட்டோவில் மைக் பிடிப்பவர். குரலில் கெட்டிக்காரர். ஒரே மணி நேரத்தில் செஞ்சியில் அவருக்கு மூட்டுவலி, பண்ருட்டியில் மூலம், திருக்கோவிலூரில் தூக்கமின்மை. எல்லாம் காளாமிர்தம் சாப்பிட்டு ஒரு மண்டலத்தில் சரியாகிவிடும். பெண் குரல் வேண்டுமென்றால் அவர் மனைவி வருவார். அவருக்கு எந்த நோயாக இருந்தாலும் சிரிப்பு வந்துவிடும், அதனால் குறைவாகத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகர் பனமலை விவசாயியாகப் பேசினார். அன்று கொஞ்சம் உற்சாகம் கூடிவிட்டது. பவுடர் சாப்பிட ஆரம்பித்ததும் சர்க்கரை இறங்கிவிட்டதென்றும், மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஏரியில் வீசிவிட்டதாகவும் சொன்னார். அருள்தாஸ் சார் உடனே, “அப்படி நிறுத்தக் கூடாதுங்க” என்று ஆரம்பித்தார். அவர் வாயிலிருந்து ‘அப்படி’ மட்டும்தான் ஒளிபரப்பானது. ஒளிபரப்பை இயக்கும் பேனல் ரூமில் உட்கார்ந்திருந்த ஞானவேல் பாட்டைப் போடச் சொல்லிவிட்டார். பிரேக்கில் சார் கோபப்பட்டார். ஒரு ஃப்ளோவில் வந்துவிட்டது, அடுத்த வாரம் நீங்களே விளக்கிச் சொல்லிவிடுங்கள் என்று ஞானவேல் சமாதானம் செய்தார். அடுத்த வாரம் விளக்க நேரம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் கிடைக்கவில்லை.

4. உண்மையான ஒரு போன்

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு, சேகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் சுத்தமாக வரவில்லை. காளாமிர்தம் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்களா என்று கேட்டேன். டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருப்பதாகச் செய்தி வந்தது. அவர் மனைவி ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

போனே வராமல் ஒரு மணி நேரத்தை ஓட்ட முடியாது. திண்டிவனத்து ஆர்டர் போனில் வருவதை இன்று மட்டும் ஸ்டுடியோவுக்குத் திருப்பிவிடச் சொன்னார் ஞானவேல். ஆர்டர் கொடுக்கக் கூப்பிடுகிறவர்கள் நல்லவிதமாகத்தானே பேசுவார்கள் என்பது அவர் கணக்கு.

முதல் போனை எடுத்து வணக்கம் சொன்னேன். என் வணக்கம் எனக்கே திரும்பிக் கேட்டது. பேசுகிற வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். அவரை விட்டு எழுந்து போக முடியவில்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. கெடாரிலிருந்து அஞ்சலை.

புருஷன் ஏழுமலைக்கு நெடுநாளாகச் சர்க்கரை. மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொண்டிருந்தவர். பனமலைக்காரர் பேசியதை டி.வி.யில் பார்த்த அன்றே இரண்டையும் நிறுத்திவிட்டார். காலையும் ராத்திரியும் கேப்பைக் கூழில் பவுடரைக் கலந்து குடிக்கிறார். காலில் இருந்த புண் கறுத்துவிட்டது. நேற்றிலிருந்து வாந்தி. இப்போது கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது. இவ்வளவையும் அந்த அம்மாள் அழாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

“ரெண்டு வேள குடுத்துக்கினு வர்றேன் டாக்டரு சார். மூணு வேளையா ஆக்கட்டுங்களா?”

என் காதில் மாட்டியிருந்த இயர்பீஸில் ஞானவேல் கத்திக்கொண்டிருந்தார். பிரேக் போடு, பிரேக் போடு என்று. பனமலை அன்று சாரின் பேச்சைப் பாதியில் வெட்டியது சண்டையானதிலிருந்து, பிரேக் என்று நான் அறிவித்தால்தான் விளம்பரத்தைப் போட வேண்டும் என்று சேனலில் பேனல் பையனுக்குச் சொல்லியிருந்தார்கள். அதுதான் எங்கள் முறை. நான் அருள்தாஸ் சாரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டிருந்தார்.

“அம்மா, உங்ககிட்ட நான் பொய் சொல்ல முடியாது” என்றார். “நான் வைத்தியம் படிச்ச டாக்டர் இல்லம்மா. மல்லாட்டைச் செடிக்கு வர்ற நோயப் படிச்சவன். அந்த டப்பாவ மூடி வையிங்க. அது மருந்து இல்ல. ஊசிய நிறுத்தினதாலதான் அவருக்கு இப்படி ஆயிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஊசி நிறுத்தினத அங்க மொதல்ல சொல்லுங்க.”

அந்த அம்மாளுக்குச் சட்டென்று புரியவில்லை. அப்போ பவுடரை எதில் கலப்பது என்று கேட்டார். நான் இயர்பீஸைக் கழற்றி மடியில் வைத்தேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை. எந்தத் தெரு, எது அடையாளம் என்று கேட்டேன். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஓட்டு வீடு என்றார். கேமராவைப் பார்த்து, கெடாரில் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் டேங்குக்குப் பின்னால் ஏழுமலை வீட்டுக்கு உடனே போங்கள், வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியோடு போங்கள், ஒருவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள் என்றேன். போனை வைக்க வேண்டாம் என்று அஞ்சலையிடம் சொன்னேன்.

அதன் பிறகு செட்டில் மூன்று பேரும், கேமராமேனையும் சேர்த்து, அந்த போனையே கேட்டுக்கொண்டிருந்தோம். ஏழுமலை மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் கேட்டது. கதவு திறந்தது. செருப்புச் சத்தம். “தூக்குடா, கால பாத்துத் தூக்கு” என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர், “டி.வி.ல சொன்னாங்க பெரியம்மா” என்றார். லைன் கட்டாகிவிட்டது.

நிகழ்ச்சி முடிய இன்னும் நேரம் இருந்தது. எனக்கு வேறு எதுவும் வாசிக்கத் தோன்றவில்லை. டப்பாவைத் திருப்பி அடிப்பக்கத்தை வாசித்தேன். அன்றைக்கு முதல் முறையாக ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே இடைவெளி விட்டு வாசித்தேன்.

5. உண்மைக்கு வந்த ஆர்டர்

ஞானவேல் அன்று எங்களைப் பார்க்காமலே காரில் ஏறிப் போனார். எங்கள் இருவருக்கும் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டுதான் மறுநாள் சேனலுக்குப் போனோம். அருள்தாஸ் சார் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

ஞானவேல் எழுந்து நின்று சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், இத ஏன் சார் மொதல்லயே சொல்லல?”

எதை என்று சாருக்குப் புரியவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து திண்டிவனத்தில் போன் ஓயவில்லையாம். அந்தப் பெண்கள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லையாம். கூப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் இப்படி நேர்மையாகப் பேசுகிற டாக்டரைப் பார்த்ததில்லை, அவர் பவுடரில் ஒரு டப்பா அனுப்புங்கள் என்று.

ஞானவேல் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து யோசித்திருந்தார். இனி வாரா வாரம் ‘உண்மை நேரம்’ என்று ஒரு பகுதி. அதில் சார், ‘நான் வைத்தியம் படிச்ச டாக்டர் இல்லம்மா’ என்று சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்ன அதே குரலில். மல்லாட்டையையும் விட்டுவிட வேண்டாம், கிராமத்தில் எடுபடுகிறது. அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் அஞ்சலையைப் பார்த்து, அவர் பேசுவதைச் செல்போனில் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

ஏழுமலை பிழைத்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து ஏழுமலையை வார்டுக்கு மாற்றியதும், வீடியோ எடுப்பதற்காக அல்ல, அவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நாங்கள் கிளம்பினோம்.

6. கட்டிலுக்கு அடியில்

ஏழுமலைக்கு இடது காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். சோர்வாக இருந்தாலும் நினைவு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டியூட்டி டாக்டர் சொன்னாராம். அஞ்சலை சாரைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். போனில் அழாதவர் இப்போது அழுதார். சாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிறகு அஞ்சலை வார்டில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பையிலிருந்து, துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தார். காளாமிர்தம் டப்பா. பாதிதான் காலியாகியிருந்தது.

“நர்சம்மா பார்த்தா திட்டுவாங்கன்னு ஒளிச்சு வெச்சிக்கினு இருக்கேன். வூட்டுக்குப் போனதும் ஆரம்பிக்கட்டுங்களா?”

டி.வி.யிலேயே இதை மூடி வைக்கச் சொன்னேனே அம்மா என்றார் சார்.

“அதாங்க சார் நானும் சொல்றேன்” என்றார் அஞ்சலை. “விக்கிறவரே வாணாம்னு சொன்னீங்க பாருங்க. அப்படிப்பட்ட மனுஷன் பொய்ச் சாமான விப்பாரா? இவருகூடக் கண்ணத் தொறந்ததும் அதத்தான் சொன்னாரு.”

கட்டிலில் படுத்திருந்த ஏழுமலை ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

சார் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். பொறுமையாக, நல்ல வகுப்பு எடுப்பது போல விளக்கினார். உடம்பில் சர்க்கரை ஏன் ஏறுகிறது, ஊசி என்ன செய்கிறது, இந்தப் பவுடரால் அதைச் செய்ய முடியாது என்பதெல்லாம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். அவருக்கு அதற்கு முன் அப்படிப்பட்ட மாணவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். முடித்ததும், என்னை நம்புகிறீர்கள் என்றால் இந்த டப்பாவை என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். அஞ்சலை உடனே கொடுத்துவிட்டார்.

கொடுத்துவிட்டு, “இதவிட நல்லதா வேற குடுப்பீங்களா சார்?” என்று கேட்டார்.

சார் ஊசியை நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் அவரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். ஏழுமலையையும் சொல்லச் சொன்னார். வீடியோ எடுக்கச் சொன்னது எங்கள் இருவருக்கும் ஞாபகமே வரவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சாரைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். டப்பா அவர் மடியில் இருந்தது. அதில் அவருடைய போட்டோ அச்சிட்டிருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர் டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்கள் அந்த டாக்டர்தானே, என் மாமியாருக்கு முட்டி வலி என்று ஆரம்பித்தார். பஸ் கிளம்பியதால் சார் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

7. புதிய டாக்டர்

அந்த வாரத்தோடு அருள்தாஸ் சார் நின்றுகொண்டார். பெயர் வந்த சமயத்தில் போகிறாரே என்று ஞானவேல் உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த நேரலையின் துண்டை விளம்பரத்துக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று சாரிடம் கேட்டார். கூடாது என்று சார் சொன்னார். ஞானவேல் போட்டுக்கொண்டார். வெட்டி ஒட்டியதில், ‘அம்மா, உங்ககிட்ட நான் பொய் சொல்ல முடியாது’ என்று சார் சொல்வதும், அடுத்து டப்பா சுழல்வதும் மட்டும் மிஞ்சியது. சார் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் அது நின்றது. அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அடுத்து வந்தவரும் டாக்டர்தான். தமிழ் இலக்கியத்தில். ‘உண்மை நேரம்’ அவருக்காகவே செய்தது போல அமைந்துவிட்டது. ‘நான் வைத்தியம் படித்தவன் அல்லன் தாயே’ என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். வாரா வாரம் கலங்கும். அந்தப் பகுதியை அறிவிக்க மாட்டேன் என்று நான் சொன்னதும் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். காளாமிர்தத்துக்கு ஒரு புதுப் பெண் வந்தாள்.

நல்ல பெண். போன வாரம் என்னிடம் வந்து, தொழில் கற்றுக்கொடுங்கள் என்றாள். அந்தக் கெடார் நேரலையை அவளுக்குப் பயிற்சிக்காகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

“அன்னிக்கு அந்த எமோஷன எப்படிக்கா கொண்டு வந்தீங்க?” என்று கேட்டாள்.

கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. அவளுக்கு அதுவும் ஒரு எபிசோடு. அவளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். இந்தக் குறிப்பையும் அவளை நினைத்துத்தான் எழுதுகிறேன். நிஜமான போன் வந்தால், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதே, எந்தத் தெரு என்று கேள். அது ஒரு பாடம். அதைச் சீக்கிரம் பழகிக்கொள்வாள்.

இன்னொரு பாடத்தைச் சொன்னபோது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு அருள்தாஸ் சாரும் நானும் உண்மையைத்தான் பேசினோம். ஆனால் அதை ஞானவேலின் செட்டில், ஞானவேலின் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசினோம். பேச்சு எங்களுடையது, நம்பிக்கை டப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை அஞ்சலை சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.